டீச்சரம்மா குரலில் ஒரு புயல்

பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு என்று டீச்சரம்மா சொல்வதை முப்பது தடவை வரைக்கும் எண்ணிக்கொண்டு வந்த சிங்காரவேலு, அப்புறம் போதும்டா சாமி என்று விட்டுவிட்டான். காலை ஒன்பது மணியிலிருந்து வண்டி ஸ்பீக்கரில் அந்தம்மா ஓயவில்லை. வங்கக் கடலில் நிலை கொண்டுள்ள புயல் இன்று மாலை நமது பகுதியில் கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்படுவதால், தாழ்வான பகுதிகளில் வசிப்போர் உடனடியாகப் பாதுகாப்பு மையங்களுக்குச் செல்லுமாறு. இருமல் கிடையாது, மூச்சு வாங்கல் கிடையாது, ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்பதும் கிடையாது. பென்டிரைவுக்குள் பதிவாகி உட்கார்ந்திருக்கிறவருக்குத் தண்ணீர் எதுக்கு. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பதம். 'உடனடியாக' என்கிற இடத்தில் மட்டும், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற பழக்கத்தில் ஒரு நொடி நிறுத்துவார். அந்த ஒரு நொடியில்தான் சிங்காரத்துக்குக் காலையில் வந்த போன் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. ஆறு மணிக்கே திருப்பூரிலிருந்து செண்பகம், அக்கா காசியம்மாளின் மகள். "மாமா, அம்மா வீட்ட விட்டு வர மாட்டேங்குது. புயல் பில்டிங்குக்கும் போகாதாம், வேற எங்கயும் வராதாம். கடத்தண்ணி ஊருக்குள்ள ஏறும்னு டிவியில சொல்றாங்க மாமா. நீங்க போயி ஒரு வார்த்தை..." என்று இழுத்தாள். ஒரு வார்த்தை. ஏழு வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தைதானே இல்லை. பாக்குறேம்மா என்று வைத்துவிட்டான். பார்க்கிறேன் என்றால் போகிறேன் என்று அர்த்தமா, போகமாட்டேன் என்று அர்த்தமா, அவனுக்கே தெரியவில்லை. போனை வைத்த கையோடு பென்டிரைவைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், அது மட்டும் தெரியும்.

குட்டியானை வண்டியின் தலையில் முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஓட்டுவது மாலிக் பாய், சிங்காரத்தின் வயசுதான், ஐம்பதைத் தாண்டியாச்சு, வாயில் எந்நேரமும் சீவல். சிங்காரத்தின் மடியில் ஆம்ப்ளிஃபயர், காலடியில் மஞ்சள் பை, பைக்குள் துண்டில் சுற்றிய மைக். அந்த மைக்கை எந்த வேலைக்குப் போனாலும் கூடவே எடுத்துப்போவான். ஏழு வருஷமாக அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் விஏஓ கொடுத்த தாளில் முதலில் முனைக்குப்பம், அப்புறம் உப்பளம், கடைசியில் கொத்தங்காடு என்று தெளிவாக எழுதியிருந்தது. கடல் ஓரத்தில் இருக்கிறவனுக்குத்தானே முதலில் சொல்ல வேண்டும், இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சிங்காரம் தாளை நாலாக மடித்துவிட்டு, "மேக்க முடிச்சுக்கிட்டுக் கெழக்க போவோம் பாய்" என்றான். "கடல் கெழக்கயில்ல இருக்கு?" என்றார் பாய். "ஆமா, அது எங்க ஓடிடப் போவுது." பாய் வண்டியை மேற்கே திருப்பினார். கடல் ஓடிவிடாது, சரி. அது வருகிறது, அதுதானே இன்றைக்குச் சேதியே. இதை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பெரிய மனுஷன். சொல்லாததுதான் இப்போது சீட்டுக்கு அடியில் முள் மாதிரி குத்துகிறது.

கொத்தங்காட்டில் ஒரு இலை அசையவில்லை. புழுக்கம் என்றால் அப்படியொரு புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வானம் பாட்டுக்கு வெளிறிக் கிடந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தி, போன புயலுக்கு முன்னால் இப்படித்தான் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ளவில்லை. ஆளாளுக்கு மரத்தில் ஏறியிருந்தார்கள். போன புயல் சாய்த்ததற்குப் பதிலாக வைத்த தென்னைகள், இப்போதுதான் காய்ப்புக்கு வந்தவை, அதில் குலை குலையாக இளநீரை வெட்டிக் கீழே தள்ளினார்கள், பச்சை மட்டையைக் கழித்தார்கள். தலைப்பாரம் குறைந்தால் மரம் நிற்கும். வாழைக்கொல்லையில் இலையெல்லாம் வெட்டி மொட்டைத் தண்டாக விட்டிருந்தார்கள். மாட்டை இந்தத் தடவை யாரும் கட்டிப்போடவில்லை, அவிழ்த்து மேட்டுப்பக்கம் ஓட்டிவிட்டாயிற்று. கூரை வீடுகள்மேல் பழைய மீன்வலை. இதுதான் வேடிக்கை. கொத்தங்காட்டுக்காரன் வருஷம் பூரா முனைக்குப்பத்து ஆள் பஸ்ஸில் ஏறினால் கவிச்சி என்று மூக்கைப் பிடிப்பான். புயல் என்றதும் அங்கே ஆளை அனுப்பிப் பழைய வலையை வாங்கிவந்து கூரைமேல் விரித்து நாலு மூலையிலும் கல்லைக் கட்டுவான். இப்ப மணக்குதா என்று கேட்கச் சிங்காரத்துக்கு நாக்கு துடித்தது. அவனும் முனைக்குப்பத்தில் பிறந்தவன்தானே, கொத்தங்காட்டில் குடியிருந்தாலும். ரெத்தினசபாபதி மரத்து உச்சியிலிருந்து குரல் கொடுத்தார். "ஏய் சிங்காரம், அந்தம்மா சொல்றத வுடு. நீ சொல்லுய்யா, வருதா வரலியா?" சிங்காரம் தலைக்குமேல் இருந்த ஸ்பீக்கரைக் கையால் காட்டினான், அவங்க சொல்றதுதான் என்கிற மாதிரி. "அட, வாயத் தொறந்து சொல்லேன்யா, உன் கொரலக் கேட்டு எத்தன நாளாச்சு." அந்த நேரம் பார்த்து விஏஓவின் போன். முனைக்குப்பம் முடிச்சாச்சா என்றார். அங்கதான் சார் இருக்கோம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடிக்கவும் ஒரு குலை பொத்தென்று வந்து விழவும் சரியாக இருந்தது. "என்னய்யா சத்தம்?" "அலை சார்." பாய் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, காறித் துப்புகிறாரா, பின்மண்டையைப் பார்த்து என்ன தெரியும்.

அலையாம் அலை. அலையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. முனைக்குப்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள். பத்து வயதில் அப்பா படகில் ஏற்றினார், ஏறினது முதல் இறங்குகிற வரைக்கும் வாந்தி. பழகிடும்டா பழகிடும்டா என்று அப்பா இரண்டு வருஷம் இழுத்துப் பார்த்தார், குடல்தான் வெளியே வரவில்லை. ஊரில் பிள்ளைகள் ஓங்கரிக்கிற சத்தம் போட்டுத்தான் அவனைக் கூப்பிடும். அக்கா அதில் ஒருத்தனை ஓலைமட்டையால் அடித்துவிட்டு வந்தாள். அந்த அக்காதான் அப்பாவிடம் சண்டை போட்டு, சந்தைத்தெரு மைக்செட் கடையில் இவனைச் சேர்த்துவிட்டது. என் தம்பிக்கு நல்ல கொரலுப்பா, அவன வுட்டுரு என்றாள். நல்ல குரல்தான். சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ கருமாதியோ காதுகுத்தோ, ரேஷனில் மண்ணெண்ணெய் வந்ததோ, குழாயில் தண்ணீர் வராததோ, எல்லாம் சிங்காரம் வாயால் வந்தால்தான் சேதி. அவன் சொல்லாத வரைக்கும் செத்தவன்கூடச் சாகவில்லை என்று மச்சான் வேதையன் கேலி பேசுவார். அக்கா வீட்டுக்காரர். கடலில் நாற்பது வருஷம். காற்று திரும்புவதை முதுகால் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த மச்சான். சரி, அதை இப்போது எதுக்கு. பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. டீச்சரம்மா நீங்கள் பேசுங்கள். யாருக்கும் உங்களைத் தெரியாது, யாரும் உங்களைக் கேள்வி கேட்கப்போவதில்லை, நல்லபடியாகப் பேசுங்கள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவன் பெண்டாட்டி சுலோச்சனா மாடித் தண்ணீர்த்தொட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். குடம் அண்டா வாளி டப்பா எல்லாவற்றிலும் தண்ணீர் நிறைந்திருந்தது, செல்போன், டார்ச்லைட் எல்லாம் சார்ஜில் வரிசையாகக் கிடந்தது. பாய்க்கும் அவனுக்கும் மோர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "அண்ணிக்கும் சேத்துதான் அரிசி போட்டிருக்கேன்" என்றாள், சாதாரணமாக. அவன் டம்ளருக்குள் பார்த்தபடி நின்றான். "இந்தா, ஆள் விட்டுச் சொல்ற வேலையெல்லாம் வேணாம். வாசல்ல போயி நின்னு வாங்கக்கான்னு நீ கூப்பிடணும். நம்ம வித்யா கல்யாணத்துல பண்ண மாதிரி பண்ணாத." மகள் வித்யாவின் கல்யாணம். அதையும் சொல்லியாயிற்றா. மூணு வருஷமாகிறது. அத்தைக்குப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு, கூடப்பிறந்தவன் நேரில் போய் வைக்க வேண்டும். இது முறை. சிங்காரம் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு முனைக்குப்பத்து வளைவு வரைக்கும் போனான், பொய் சொல்லக்கூடாது, வளைவு வரைக்கும் போனான். அங்கே வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பங்காளி ஒருத்தன் கையில் தாம்பாளத்தைக் கொடுத்து, நீ வச்சுட்டு வந்துருப்பா, எனக்கு அவசர வேல என்று திரும்பிவிட்டான். அக்கா பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு தாம்பாளத்தை அப்படியே திருப்பி அனுப்பினாள். கல்யாண மேடையில் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு ஒன்றுவிட்ட அத்தை நின்றாள். போட்டோவில் பார்த்தால் இன்னமும் அந்த இடம் கண்ணை உறுத்தும். மோர் புளித்தது. நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

உப்பளம் வந்ததும் காற்று வந்தது. முதலில் சும்மா முகத்தைத் தடவிப் பார்த்தது, அப்புறம் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு. வாடை. வடக்கேயிருந்துதான் வருகிறது, போன தடவையும் வடக்கேயிருந்துதான் வந்தது. இரண்டு பக்கமும் உப்புக்குவியலைத் தார்ப்பாயால் மூடி மேலே மண்மூட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தார்ப்பாய் மூலையில் உட்கார்ந்து பிடித்தார்கள். டீச்சரம்மாவின் குரலைக் காற்று அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ போட்டது, பாதி வார்த்தைதான் கேட்டிருக்கும். பாதுகாப்பு மையங்களுக்கு. அதைப் புயல் பில்டிங்கு என்பார்கள், முனைக்குப்பத்துக்குப் பின்னால் மேட்டில், தூண்மேல் நிற்கிற பெரிய கட்டடம். போன புயலன்றைக்கு அதற்குள் நானூறு பேர். பிள்ளைகள் அழுகை, மூத்திர வாடை, நனைந்த துணி வாடை. விடியற்காலையிலிருந்து ஜன்னலெல்லாம் பேய் பிடித்ததுபோல ஆடியது. சிங்காரம் பேட்டரியில் ஓடுகிற சின்ன செட்டோடு மூலையில் உட்கார்ந்து, காணாமல்போன பிள்ளை பேரு, மாத்திரை வேண்டுகிறவர் பேரு என்று அறிவித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே அக்கா. பக்கத்திலேயே மச்சான், துண்டை விரித்துப் படுத்திருந்தார். ஒன்பது மணி இருக்கும், காற்று நின்றது. நின்றது என்றால் விசிறியை அணைத்த மாதிரி நின்றது. வெயில்கூட வந்தது. ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்ததும் ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சிங்காரம் முடிஞ்சிச்சா, சிங்காரம் முடிஞ்சிச்சா, நாலா பக்கமும் இதே கேள்வி. இருங்கடா, திரும்பி வரும் என்றார் மச்சான் படுத்தபடியே, யாரிடமும் இல்லாமல். அவர் சொன்னது சிங்காரம் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. அப்புறமும் மைக்கை எடுத்தான். புயல் கரையைக் கடந்துவிட்டது, அனைவரும் அவரவர் வீட்டுக்குச் செல்லலாம். என்னா ஒரு சந்தோஷக் கூச்சல். கைதட்டினார்கள்கூட. நானூறு பேருக்கு நல்ல சேதி சொல்கிற வாய்ப்பு ஒரு மனுஷனுக்கு எத்தனை தடவை கிடைக்கும். மச்சான் எழுந்து உட்கார்ந்தார், துண்டை உதறி மடித்தார். "மைக்குலயே சொல்லிப்புட்டானே, மேலேர்ந்து தகவல் வந்திருக்கும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, படகைப் பார்த்துட்டு வந்துடுறேன் என்று கிளம்பினார். அரைமணி நேரத்தில் தெற்கேயிருந்து சோழகம் அடித்தது, வாடையைவிட இரண்டு பங்கு. படகை மரத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், படகு புரண்டு அவர்மேல் விழுந்தது. அவ்வளவுதான். கடல் தெரிந்த மனுஷன் கடல் ஒத்துக்கொள்ளாதவன் பேச்சைக் கேட்டுச் செத்துப்போனார்.

இதுவரைக்கும் ஊருக்கே தெரியும். தப்பான தகவல், யார் என்ன செய்ய முடியும், பாவம் சிங்காரம், சொந்த மச்சான் ஆச்சே என்று இவனுக்கே வந்து ஆறுதல் சொன்னார்கள். ஆறுதலை வாங்கிக்கொண்டான் பார், அங்கேதான் எல்லாம். பாய் கியரை மாற்றினார், காற்று எதிர்த்துத் தள்ளியது. பதினாறாம் நாள் காரியத்தன்றைக்கு, பந்தியெல்லாம் முடிந்து ஆம்பிளைகள் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, அக்கா வாசலுக்கு வந்து நின்று கேட்டாள். "தம்பி, அன்னிக்கு யாருடா உன்னைச் சொல்லச் சொன்னது?" அத்தனை பேர் முகமும் இவன் பக்கம் திரும்பியது. ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சுக்கா என்றான். சட்டென்று வந்தது, இன்றைக்கு அலை சார் என்று வந்த மாதிரியே. அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சரி என்றாள். உள்ளே போனாள். அதுதான் அவள் அவனிடம் பேசிய கடைசி வார்த்தை. புருஷன் போன துக்கம், காலம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள் எல்லாரும், இவனும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டான், ஒரு வருஷம், இரண்டு வருஷம். துக்கமா. துக்கம்தான். ஆனால் அந்தப் பார்வை. அதை ஏழு வருஷமாக ஓரத்தில் தள்ளித் தள்ளி வைக்கிறான், அது நகர்ந்து நகர்ந்து முன்னால் வருகிறது. காற்று நிற்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அக்கா அவன் பக்கம் கையை நீட்டினாள். போனைக் குடுடா, செண்பகம் பயந்துகிட்டு இருக்கும், ஒரு பேச்சு பேசிக்கிறேன் என்றாள். டவர் விழுந்துடுச்சுக்கா, விடியக்காலமே போன் செத்துப்போச்சு என்று இவன்தான் சொன்னான். இவன் வாயால், அவளிடம். அப்புறம் எந்த ஆபீசிலிருந்து எந்தப் போன் வரும். அவளுக்குத் தெரியும். வாசலில் நின்று கேட்டபோதே தெரிந்துதான் கேட்டாள். நானாத்தான்க்கா சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறைந்திருப்பாள், அழுதிருப்பாள், அப்புறம் தம்பியாச்சே. போன் மறுபடி அடித்தது, விஏஓ. எடுக்கவில்லை. எடுத்தால் வாய் என்ன சொல்லுமோ, அந்த வாயை நம்ப முடியாது.

முனைக்குப்பத்தில் இவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. காலையிலேயே டிராக்டர் வைத்துப் படகுகளையெல்லாம் கோயில் வரைக்கும் இழுத்து ஏற்றி, ஒன்றோடொன்று கட்டியிருந்தார்கள். இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாகிவிட்டது. பொம்பளைகள் ஐஸ்பெட்டியில் அரிசி பருப்பு ரேஷன் கார்டு ஆதார் கார்டு எல்லாம் போட்டு மூடி டேப் ஒட்டினார்கள். பில்டிங்குக்குப் போகிறவர்கள் பாயும் தலையணையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடல் பழுப்பாக இருந்தது, அலை வழக்கமாக மடங்குகிற இடத்தைத் தாண்டி வந்து மடங்கியது. "என்னா சிங்காரம், எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்ல வர்றியா?" என்றார் ஊர்ப்பஞ்சாயத்து முத்தையன், கயிறு இழுத்தபடி. கோபமாகக்கூட இல்லை. அது குத்தியது. டீச்சரம்மா மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி தாழ்வான பகுதிகளில் வசிப்போர் என்றார். கடைசித் தெரு, கடைசி வீடு, அதற்கப்புறம் மணல், மணலுக்கப்புறம் கடல். காசியம்மாள் வாசலில் குந்தியிருந்தாள். காயப்போட்டிருந்த கருவாட்டை அள்ளி டின்னில் போட்டுக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகத் தட்டி மணலை உதறி. ஓட்டுக்கு மேலே ஒரு வலை. நீல நைலான் நரம்பு, விளிம்பில் மஞ்சள் கயிறு, மச்சான் வலை. அக்காவுக்குத் தலை நரைத்துப்போயிருந்தது. இவ்வளவு நரைக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வண்டி நின்றது. உடனடியாக, நிறுத்தம், பாதுகாப்பு மையங்களுக்குச் செல்லுமாறு. அவள் நிமிரவில்லை. இன்னொரு சுற்று ஓடியது. அப்பவும் நிமிரவில்லை. யாரோ வாத்தியாரம்மா யாருக்கோ சொல்கிறார், அவளுக்கென்ன.

"எறங்குங்கண்ணே" என்றார் பாய். இறங்கினான். வாசல்வரைக்கும் பத்தடி, மணலில் கால் புதைந்தது. அக்கா என்று வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. ஊரையெல்லாம் கூட்டுகிற குரல், ஒரு எழுத்து வரவில்லை. அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், அவனைப் பார்த்தாள், அதே பார்வை, உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தாதது மறதியா, வேணுமென்றே விட்டதா. வடக்கே வானம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று மணி நேரம், அதிகம் போனால் நாலு. இந்த ஓட்டு வீட்டுக்கு முதல் அலையே போதும். தூக்கிக்கொண்டு போய்விடலாமா, அக்காவைத் தூக்க முடியுமா, என்ன பைத்தியக்காரத்தனம். சொல்வதானால் இங்கே நின்று வாசலில் முணுமுணுத்து என்ன பிரயோஜனம். பொய்யைப் பந்தலில் வைத்து ஊர் கேட்கச் சொன்னான். மச்சானை அனுப்பியது மைக்கில். சிங்காரம் திரும்பி வண்டிக்கு நடந்தான். பாய் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, அவ்வளவுதானா என்று முகம் சுருங்கியது. சிங்காரம் குனிந்து மஞ்சள் பையை எடுத்தான், துண்டைப் பிரித்தான், ஒயரைச் சொருகினான். "பாய், டீச்சர நிறுத்துங்க."

நிறுத்தியதும் ஊரே அமைதியான மாதிரி இருந்தது, காற்று இருந்தும். மைக்கைத் தட்டிப் பார்த்தான், பழக்கம். டொக் டொக் என்று கோயில்வரைக்கும் கேட்டது. "நான் சிங்காரவேலு பேசுறேன்" என்றான். குரல் கரகரத்தது, துருப்பிடித்த மாதிரி, அவனுக்கே யார் குரலோ போலிருந்தது. "முனைக்குப்பம் ஜனங்களுக்குச் சொல்றேன். எங்கக்கா காசியம்மாளுக்குச் சொல்றேன். போன புயல்ல முடிஞ்சிருச்சின்னு சொன்னேன்ல, அத எந்த ஆபீசும் சொல்லச் சொல்லல. போனும் வரல. டவரு விடியக்காலமே விழுந்துருச்சு. வெயில் வந்துச்சு, எல்லாரும் கேட்டீங்க, நானா சொன்னேன். காத்து திரும்பும்னு எங்க மச்சான் சொன்னாரு, என் காதுல விழுந்துச்சு, கேக்காம சொன்னேன். அப்புறம் போன் வந்துச்சுன்னு பதினாறாம் நாளு பொய் சொன்னேன். அவ்ளோதான். அக்கா, பில்டிங்குக்கு நீ வரவேணாம். நம்ம வீட்டுக்கு வா. நானே வந்து கூப்பிடுறேன். வாக்கா." கோயில் பக்கம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இழுப்பதை நிறுத்தியிருந்தார்கள். முத்தையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார். யாராவது கல்லை விட்டெறிந்தால் பரவாயில்லை என்றிருந்தது. யாரும் எறியவில்லை. யாரோ ஒரு பொம்பளை, அடப்பாவி என்று சொன்னது மட்டும் காற்றில் வந்தது. சிங்காரம் மைக்கை அணைக்க மறந்து நின்றான், அவன் மூச்சு இரண்டு ஸ்பீக்கரிலும் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. இரண்டு நிமிஷம் இருக்கலாம், சிங்காரத்துக்கு அது ஏழு வருஷத்தின் மிச்சம். அக்கா வெளியே வந்தாள். கையில் மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி, தோளில் மடித்த ஒரு துண்டு. மச்சான் துண்டு, கோடுபோட்டது. கதவைச் சாத்திப் பூட்டினாள், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அவனைத் தாண்டிப் போய் வண்டியில் வாளியை ஏற்றினாள். பாய் இறங்கி, வாங்க அக்கா என்று கை கொடுக்க வந்தார், வேணாம் என்று தானே ஏறி சிங்காரத்தின் இடத்தில் உட்கார்ந்தாள். சிங்காரம் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்னால் பார்த்தபடியே அவள் பேசினாள், பக்கத்தில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போல. "உங்க மச்சான் கடல நம்பாம உன் கொரல நம்பினாருடா." ஆமாக்கா என்றான் சிங்காரம். "உன் வீட்டுக்குத்தான் வர்றேன். நடுவுல காத்து நிக்கும். நிக்கும்போது யாரு என்ன சொன்னாலும் கதவ நான் சொன்னப்புறந்தான் தொறக்கணும். நீ வாயத் தொறக்கக் கூடாது." "சரிக்கா." "சுலோச்சனாகிட்டயும் சொல்லிடு." "சரிக்கா." அவள் துண்டை மடியில் வைத்து நீவிவிட்டாள். முதல் மழைத்துளி கண்ணாடியில் சடசடவென்று விழுந்தது. "வடக்குத் தெரு பாக்கியிருக்கா?" "இருக்குக்கா." டீச்சரம்மாவைப் போடத்தான் பாய் கையை நீட்டினார். "அந்தம்மா வேணாம்" என்றாள் காசியம்மாள். "நீயே சொல்லு." சிங்காரம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனான். வண்டி வடக்குத் தெருவுக்குத் திரும்பியது.